நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு நெர்வ் பிளாக்: ஊசிக்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

முதுகு வலி மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது. மாத்திரை, தைலம், பெல்ட், பிசியோதெரபி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இந்தக் கட்டத்தில் வலி சிகிச்சை மருத்துவர், "ஒரு நெர்வ் பிளாக் போட்டுப் பார்க்கலாம்" என்கிறார். வீட்டுக்கு வந்ததும் கேள்விகள் கிளம்புகின்றன. முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடுமா? ஒரே ஊசியில் சரியாகிவிடுமா? ஸ்டீராய்டு கலந்திருப்பார்களா?

பிளாக் என்ற பெயரில் பல ஊசிகள் இருக்கின்றன. இங்கே விரிவாக எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்: முதுகெலும்பின் ஃபேசட் மூட்டுகளுக்குப் போகும் சிறு நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் 'மீடியல் பிராஞ்ச் பிளாக்'. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு அதிகமாகப் போடப்படும் பிளாக்குகளில் இது முக்கியமானது. அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பலர் இதை வைத்தியம் என்று நம்பிப் போகிறார்கள். ஆறு மணி நேரம் கழித்து வலி திரும்பியதும் "ஊசி வேலை செய்யலை" என்று மனம் விட்டுப்போகிறார்கள். ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் இந்த ஊசியே போடப்படுகிறது. அந்த நேரத்தில் நோயாளி எதைக் கவனித்தார், என்ன எழுதிவைத்தார் என்பதைப் பொறுத்தே அடுத்த சிகிச்சை முடிவாகும்.

படி 1: வலி எங்கிருந்து வருகிறது?

கீழ்முதுகில் எல் 1 முதல் எல் 5 வரை ஐந்து முள்ளெலும்புகள். இரண்டு எலும்புகளுக்கு நடுவே முன்பக்கம் டிஸ்க் என்ற ஜவ்வு. பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு ஃபேசட் மூட்டுகள். நாம் குனிந்து நிமிரும்போதும் இடுப்பைத் திருப்பும்போதும் இந்த மூட்டுகள் கதவுக் கீல் மாதிரி அசைவுக்கு வழிவிட்டு, எல்லை மீறாமலும் பிடித்துக்கொள்கின்றன. முழங்கால் மூட்டு தேய்வதுபோலவே இவையும் தேயும், வீங்கும், வலிக்கும்.

ஃபேசட் மூட்டு வலி பெரும்பாலும் முதுகெலும்பின் ஓரமாக, ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலுமோ இருக்கும். புட்டத்துக்கும் தொடைக்கும் பரவலாம். முழங்காலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நீண்ட நேரம் உட்கார்ந்து எழும்போதும், பின்னால் வளையும்போதும், இடுப்பைத் திருப்பும்போதும் சுள்ளென்று பிடிக்கும். காலில் மின்சாரம் பாய்ந்ததுபோலப் பாதம் வரை இறங்கினால் அது நரம்பு வேர் அழுத்தப்படுவதால் வரும் சயாட்டிகாவாக இருக்க வாய்ப்பு அதிகம்; அதற்கான ஊசி வேறு. இடுப்புக்குக் கீழே, புட்டத்தின் மேல்பகுதியில் ஒரு விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்ட முடிகிற வலி, முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டிலிருந்து வரலாம்.

இந்த அடையாளங்களை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியுமா? முடியாது. எந்த மருத்துவரும் கையால் தொட்டுப் பார்த்து ஃபேசட் வலி என்று அடித்துச் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ.யும் கைகொடுக்காது. முதுகு வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. அதனால் "தேய்மானம் இருக்கு, ஜவ்வு பிதுங்கியிருக்கு" என்ற ரிப்போர்ட் வரியைப் பார்த்து வலியின் காரணம் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். சந்தேகப்படும் மூட்டின் நரம்பைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு வலி போகிறதா என்று பார்க்கும் பிளாக், படம் சொல்லாததைச் சொல்கிறது.

இதற்கு முன்பே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது, இவற்றில் எது இருந்தாலும் பிளாக்கைப் பற்றி யோசிக்கும் நேரமே அதுவல்ல. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகு வலி, இவையும் முதலில் தனியாகப் பரிசோதிக்க வேண்டியவை.

படி 2: இந்த ஊசி உங்களுக்குத் தேவையா?

மருத்துவ உலகில் இதில் ஒருமித்த கருத்து இல்லை. நோயாளிகள் இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எந்த நோய்க்கு என்ன சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாதாரணக் கீழ்முதுகு வலிக்கு முதுகில் ஊசி போட்டு வைத்தியம் செய்யவே வேண்டாம் என்கிறது. ஆனால் மற்ற சிகிச்சைகள் பலிக்காமல், வலி பத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்து, ஃபேசட் மூட்டுதான் காரணம் என்று தோன்றினால், மீடியல் பிராஞ்ச் பிளாக் போட்டுப் பார்த்து, அதில் வலி நன்றாகக் குறைந்தவர்களுக்கு மட்டும் அந்த நரம்பை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அடுத்த ஆண்டே நெதர்லாந்தில் நடந்த மின்ட் ஆய்வு, உடற்பயிற்சியோடு இந்த வெப்ப சிகிச்சையையும் சேர்த்ததால் பெரிய கூடுதல் பலன் இல்லை என்றது. அந்த ஆய்வில் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் ஊசி வைத்த முறையிலும் குறை இருப்பதாக வலி சிகிச்சை நிபுணர்கள் பலர் வாதிட்டார்கள். 2025இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல் இன்னும் கடுமை: புற்றுநோய் சாராத நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு ஃபேசட் ஊசி, வெப்ப சிகிச்சை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடைவெளியில் போடும் எபிடியூரல் ஊசி எதுவுமே வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. அதற்கும் வலி சிகிச்சை அமைப்புகளிடமிருந்து பலத்த எதிர்ப்பு எழுந்தது.

என் முடிவு இது: முதல் மூன்று மாதத்துக்குள் இந்த ஊசிக்கு அவசரப்பட வேண்டாம். முறையான உடற்பயிற்சியைச் சில வாரங்களாவது ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும். 'பிசியோதெரபிக்குப் போனேன், ரெண்டு நாள் கரண்ட் வைத்தார்கள், விட்டுவிட்டேன்' என்றால் அது செய்ததாகவே ஆகாது. அதன் பிறகும் அன்றாட வேலை முடங்குகிற அளவுக்கு, முதுகின் ஓரத்தில் நிலைத்து நிற்கும் வலி இருப்பவருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்து பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. உடம்பு முழுக்க வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்திருந்தால் ஊசி மட்டும் பதில் சொல்லாது. அவற்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

படி 3: ஊசி உள்ளே என்ன செய்கிறது?

ஒவ்வொரு ஃபேசட் மூட்டுக்கும் இரண்டு நரம்புக் கிளைகளிலிருந்து உணர்வு போகிறது: அதே மட்டத்து நரம்பிலிருந்து ஒன்று, ஒரு படி மேலே உள்ளதிலிருந்து ஒன்று. எல் 4க்கும் எல் 5க்கும் இடையிலான மூட்டுக்கு எல் 3, எல் 4 நரம்புகளின் மீடியல் கிளைகள். எல் 5க்கும் அதற்குக் கீழே உள்ள சாக்ரம் எலும்புக்கும் இடையிலான மூட்டுக்கு எல் 4இன் கிளையும் எல் 5இன் பின்கிளையும். தேய்மானம் அதிகம் வருவது இந்த இரண்டு கீழ் மூட்டுகளில்தான். இரண்டையும் ஒரு பக்கத்தில் மரக்கச் செய்ய மூன்று ஊசி, இரண்டு பக்கமும் என்றால் ஆறு. 'ஒரு பிளாக்' என்று சொல்லிவிட்டு ஏன் இத்தனை குத்து என்று ஆபரேஷன் தியேட்டரில் படுத்துக்கொண்டு திகைக்க வேண்டாம்.

மருந்து லிக்னோகெய்ன் அல்லது பியூபிவகெய்ன். பல் பிடுங்கும்போது போடுவார்களே, அதே குடும்பம். நரம்பின் சவ்வில் சோடியம் அயனிகள் உள்ளே பாயும் நுண்வாசல்கள் இருக்கின்றன. அவை திறந்தால்தான் வலிச் செய்தி நரம்பு வழியே நகரும். மருந்து நரம்புக்குள் புகுந்து அந்த வாசல்களை உள்பக்கமிருந்து அடைக்கிறது. மூட்டு வலித்துக்கொண்டே இருந்தாலும் செய்தி மூளைக்குப் போவதில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் லிக்னோகெய்ன் கரைந்துபோகும். பியூபிவகெய்ன் இன்னும் சில மணி நேரம் கூடுதலாகத் தாங்கும். அப்புறம் வலி திரும்புவது இயல்பு. சிலருக்கு மருந்து தீர்ந்த பிறகும் நாட்கணக்கில் நிம்மதி நீடிப்பது உண்டு, அதை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

இந்த நரம்புக் கிளைகள் காலுக்குப் போவதில்லை. காலை இயக்கும் நரம்புகள் முதுகெலும்பின் துவாரங்கள் வழியே வெளியேறி முன்பக்கமாகப் போகின்றன. ஊசியின் இலக்கு எலும்பின் பின்புறத்தில் இருக்கிறது. கால் விளங்காமல் போய்விடுமோ என்ற பயத்துக்கான பதில் இந்த உடற்கூற்றிலேயே இருக்கிறது. மருந்து கொஞ்சம் வழிந்து பரவினால் ஓரிரு மணி நேரம் கால் மரத்து, தள்ளாடலாம். அதனால்தான் அன்று தனியாக நடமாட விடமாட்டார்கள்.

படி 4: ஊசிக்கு முன்

நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்றவை சாப்பிடுபவர்கள் நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. மீடியல் பிராஞ்ச் பிளாக்குக்குப் பல நேரம் நிறுத்தத் தேவையே இருக்காது. எபிடியூரல் ஊசி என்றால் கணக்கு வேறு. ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையைத் தானாக நிறுத்துவது முதுகு வலியைவிடப் பெரிய ஆபத்து. இதய மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் முன்பே சொல்ல வேண்டும், ஏனென்றால் எக்ஸ்ரே பார்த்துத்தான் ஊசி போடுவார்கள். காய்ச்சலோ, ஊசி போடும் இடத்தில் புண்ணோ இருந்தால் நாளைத் தள்ளிப்போடுங்கள். மரப்பு ஊசிக்கு முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம், பலர் கோட்டைவிடும் விஷயம்: அன்று காலை வலி மாத்திரை போடலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். வலி இருந்தால்தான் அது போனது தெரியும். மாத்திரையால் வலி அடங்கிய நிலையில் ஊசி போட்டுக்கொண்டால் பரிசோதனையே வீண். அதேபோல, தூங்கவைக்கும் மயக்க மருந்தும் இதற்குப் பெரும்பாலும் தேவையில்லை. அதுவும் வலியைக் குறைத்துப் பதிலைக் குழப்பும். ரொம்பப் பதற்றமாக இருந்தால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம்.

அவரிடம் கேட்க வேண்டியவை இன்னும் சில. எந்த மட்டம், எந்தப் பக்கம்? என்ன மருந்து, எத்தனை மில்லி? எக்ஸ்ரே வழிகாட்டலில்தானே? ஸ்டீராய்டு சேர்க்கிறீர்களா? பரிசோதனைக்கான பிளாக்குக்கு ஸ்டீராய்டு அவசியமில்லை. சேர்த்தால் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சுகர் எகிறும். அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

கூட ஒருவர் வர வேண்டும். பைக், ஸ்கூட்டர், கார் எதையும் அன்று ஓட்டக் கூடாது.

படி 5: தியேட்டரில்

குப்புறப் படுக்கச் சொல்லி, வயிற்றுக்கடியில் தலையணை வைப்பார்கள். அதனால் இடுப்பின் வளைவு நிமிரும். முதுகைக் கிருமிநாசினியால் துடைப்பார்கள், ஜில்லென்று இருக்கும். சி-ஆர்ம் என்ற வளைந்த எக்ஸ்ரே கருவி தலைக்கு மேல் வந்து நிற்கும். முதலில் தோலை மரக்கவைக்கும் ஊசி. எறும்பு கடித்தாற்போலச் சுருக்கென்று எரியும். பின்பு மெல்லிய நீள ஊசி. திரையைப் பார்த்தபடி, முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சியும் மேல்மூட்டு நீட்சியும் சேருகிற பள்ளத்தில் ஊசி முனை எலும்பைத் தொடும்வரை கொண்டுபோவார்கள். நரம்பு அந்த எலும்பை ஒட்டியே ஓடுகிறது. அந்த நேரத்தில் ஓர் அழுத்தம் தெரியும். காலுக்குள் சுரீரென்று இறங்கினால் சும்மா இருக்காமல் உடனே சொல்லுங்கள், ஊசியை மாற்றிவைப்பார்கள்.

பல இடங்களில் ஒரு சொட்டு சாயத்தை முதலில் செலுத்தி, மருந்து ரத்தக் குழாய்க்குள் போகவில்லை என்று பார்த்துக்கொள்வார்கள். பிறகு ஒரு நரம்புக்கு அரை மில்லி அல்லது அதற்கும் குறைவு. இவ்வளவு கொஞ்சமாகப் போடுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு மூன்று மில்லி போட்டால் மருந்து தசைக்கும் பக்கத்து நரம்புகளுக்கும் பரவிவிடும். வலி போனாலும் எதனால் போனது என்று தெரியாது. எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

படி 6: அந்த ஆறு மணி நேரம்

இதற்காகத்தான் இத்தனையும். ஆனால் நடப்பது என்ன? ஊசி போட்டாச்சே என்று வீட்டுக்கு வந்து, பாய் விரித்துப் படுத்து, சாயங்காலம் எழுந்து பார்த்தால் வலி அப்படியே இருக்கும். ஒரு வாரம் கழித்து மருத்துவர் கேட்கும்போது "கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருந்தது" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஊசிக்கு முன்பே ஒரு நோட்டில், உங்களுக்கு நிச்சயம் வலி தரும் மூன்று நான்கு அசைவுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு வலி என்று குறித்துவிடுங்கள். நாற்காலியிலிருந்து எழுவது. பின்னால் வளைவது. தரையில் உட்கார்ந்து எழுவது. பத்து நிமிடம் நிற்பது. உங்கள் வாழ்க்கையில் எது கஷ்டமோ அது. ஊசி போட்ட அரை மணியிலிருந்து, மருந்து அடங்கும்வரை ஒவ்வொரு அரை மணிக்கும் அதே அசைவுகளைச் செய்து எண்ணைக் குறியுங்கள். கால் மரத்திருந்தால் கூட இருப்பவர் பிடித்துக்கொள்ளட்டும்.

ஒருவரின் நோட்டுப் பக்கம் இப்படி இருக்கலாம்: காலை 10 மணி, ஊசிக்கு முன், பின்னால் வளைந்தால் 8, எழுந்தால் 6. 11 மணிக்கு 3, 2. 11.30க்கு 2, 1, மாடிப்படி ஏறி இறங்கினேன், வலி பிடிக்கவில்லை. 1 மணிக்கு 2, 2. 3 மணிக்கு 5, 4. 5 மணிக்கு 8, 6. இந்த ஒரு பக்கத்திலிருந்து மருத்துவர் படிக்க வேண்டியது எல்லாம் கிடைக்கிறது: எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியதால் 75 சதவீதக் குறைவு, மருந்தின் ஆயுளுக்குப் பொருந்துகிற நேரக்கணக்கு, அசைந்தபோதும் வலிக்கவில்லை என்ற ஆதாரம். குத்திய இடத்தில் இருக்கும் புண் வலியைப் பழைய வலியோடு சேர்க்காமல் தனியாக எழுதுங்கள்.

மருத்துவரைத் திருப்திப்படுத்தவோ, செலவழித்தோமே என்றோ எண்ணைக் குறைத்துப் போட வேண்டாம். இல்லாத நிம்மதியை எழுதினால், தேவையில்லாத சிகிச்சை ஒன்று உங்கள் நரம்பில் நடக்கும்.

படி 7: பதிலை எப்படிப் படிப்பது?

வலி பாதிக்கு மேல் குறைந்தால் சாதகம் என்று சிலரும், 80 சதவீதம் குறைந்தால்தான் சாதகம் என்று சிலரும் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு பிளாக்கை நம்பினால், மூட்டு காரணமாக இல்லாதவருக்கும் வலி குறைந்ததாகத் தோன்றும் வாய்ப்பு கணிசமானது. எதிர்பார்ப்பே வலியைக் குறைக்கும். அதனால் இன்னொரு நாள், வேறு மருந்தோடு இரண்டாவது பிளாக் போட்டு, நிம்மதி நீடித்த நேரம் மருந்துக்குத் தக்கபடி மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. இரண்டாவது தடவை வரச் சொன்னால் பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று உடனே நினைத்துவிட வேண்டாம். அதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

வலி அசையவே இல்லையா? அதுவும் பயனுள்ள பதில். அந்த மூட்டுகள் காரணம் இல்லை என்று தெரிந்தது. தேவையில்லாத சிகிச்சை ஒன்று தவிர்க்கப்பட்டது. சாக்ரோஇலியாக் மூட்டு, டிஸ்க், இடுப்பு மூட்டு என்று தேடலை வேறு பக்கம் திருப்பலாம்.

படி 8: பிளாக் சாதகமானால்

அடுத்தது, முன்பு சொன்ன வெப்ப சிகிச்சை. அதன் பெயர் ரேடியோஃப்ரீக்வென்சி சிகிச்சை, சுருக்கமாக ஆர்.எஃப். அதே இடத்தில் சற்றுத் தடித்த ஊசியை நரம்புக்கு இணையாகப் படுக்கவைத்து, முனையை 80 டிகிரி செல்சியஸ் அளவில் ஒன்று, ஒன்றரை நிமிடம் சூடாக்குவார்கள். அதற்கு முன் லேசான மின் துடிப்பு கொடுத்துச் சோதிப்பார்கள்: முதுகுத் தசை துடித்தால் சரி, கால் துடித்தால் ஊசியை மாற்ற வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்வது கட்டாயம்.

ஆர்.எஃப். முடிந்த முதல் ஒன்றிரண்டு வாரம் முதுகு முன்பைவிட அதிகமாகவே வலிக்கலாம். தோலில் எரிச்சல் இருக்கலாம். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். பலித்தவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நீடிப்பது வழக்கம். நரம்பு மெல்ல மீண்டும் வளர்ந்துவிடும்.

மற்ற ஊசிகள், பக்க விளைவுகள்

சயாட்டிகாவுக்குப் போடும் எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடைவெளியில் போடப்படுவது. புதிதாக வந்த கடுமையான கால் வலிக்கு அது உதவலாம். வெறும் முதுகு வலிக்கு அதன் பலன் குறைவு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல், எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசியால் மிக அபூர்வமாகப் பார்வையிழப்பு, பக்கவாதம், முடக்கம் போன்றவை நேரலாம் என்று எச்சரித்தது. மீடியல் பிராஞ்ச் பிளாக்கையும் அதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல், எந்த ஊசிக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

மீடியல் பிராஞ்ச் பிளாக்கில் பெரிய விபரீதங்கள் அபூர்வம். குத்திய இடத்தில் ஓரிரு நாள் வலி, சிறு ரத்தக்கட்டு, லேசான தலைச்சுற்றல் வரலாம். ஆனால் அடுத்த நாட்களில் காய்ச்சல், குத்திய இடம் சிவந்து வீங்குவது, நாளுக்கு நாள் கூடும் வலி, மறுநாளும் மாறாத கால் பலவீனம், சிறுநீர் போவதில் சிக்கல் இருந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

படி 9: வலி குறைந்த மாதங்களில்

ஆர்.எஃப். பலித்ததும் பலர் உடற்பயிற்சியை அடியோடு விட்டுவிடுகிறார்கள். வலி இல்லாதபோது எதற்கு என்று தோன்றும். ஆனால் வெப்பத்தால் செயலிழந்த அதே சிறு நரம்புதான், முதுகெலும்பை ஒட்டி அதைத் தாங்கும் மல்டிஃபிடஸ் தசையையும் இயக்குகிறது. பல வருட வலியில் ஏற்கெனவே அந்தத் தசை மெலிந்திருக்கும். அதனால் சுற்றியுள்ள தசைகளைப் பலப்படுத்துவது இப்போதுதான் இன்னும் அவசியம். முன்பு வலியால் செய்ய முடியாத பயிற்சிகளை இப்போது செய்ய முடியும்.

நடையில் ஆரம்பியுங்கள், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது, கையையும் முழங்காலையும் ஊன்றி வலது கையையும் இடது காலையும் நீட்டி, பிறகு மாற்றிச் செய்வது, இந்த இரண்டும் நல்ல தொடக்கம். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் மேலும் நல்லது. பல மாதமாகத் தூக்காத தண்ணீர்க் குடத்தை முதல் வாரமே தூக்கிப் பார்க்க வேண்டாம்.

ஒரு வருடம் வாக்கில் அதே இடத்தில் அதே வலி மெல்லத் திரும்பினால், முதல் ஆர்.எஃப். குறைந்தது மூன்று மாதமாவது நன்றாகத் தாங்கியிருந்தால், அதையே மறுபடி செய்யலாம். பல நேரம் பிளாக்கைத் திரும்பப் போட வேண்டிய அவசியமும் இருக்காது. மூன்று நான்கு வாரத்திலேயே பலன் போய்விட்டிருந்தால் அதே சிகிச்சையைத் திருப்பிச் செய்யச் சம்மதிக்காதீர்கள். காரணத்தை முதலிலிருந்து தேடச் சொல்லுங்கள். இரண்டில் எதுவானாலும், எந்தப் பக்கம், எந்த நரம்புகள், எந்தத் தேதி, எத்தனை மாதம் தாங்கியது என்று எழுதிய டிஸ்சார்ஜ் தாளையும் உங்கள் நோட்டையும் ஒரே ஃபைலில் வைத்து எடுத்துப் போங்கள்.